சவரிராயன் நேராக அடித்தார்

சவரிராயன் அடித்த மூன்றாவது பந்தும் எருமையின் மேல்தான் விழுந்தது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, எதக் குறி வச்சு அடிக்கிறீங்க?" என்றாள் அவர் மனைவி அமலராணி. காவிரி மணலில் குடைக்கடியில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொம்பத்தான்." சிவப்புத் துண்டு கட்டி நட்டிருந்த கொம்பைக் காட்டினார். எருமை அதற்கு வலப்பக்கம் வெகு தூரத்தில் நின்றது.

"எருமைக்கும் கொம்பு இருக்கு. பந்து குழம்பிருச்சு போல."

சவரிராயன் துவாக்குடிப் பக்கம் ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். அவரை ராஞ்சிக் கிளைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அமலராணிக்குப் புத்தூரில் டீச்சர் வேலை, மகள் ஷெர்லினுக்கு ப்ளஸ் டூ. மாற்றல் ஜெனரல் மேனேஜர் ரங்கநாதன் கையில் இருந்தது. அவருக்குப் பிடித்தது கோல்ஃப் ஒன்றுதான். கேண்டீனில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது, "நானும் ஆடுவேன் சார்" என்று சவரிராயனின் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார் ரங்கநாதன்.

அன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மட்டையும் பந்துகளும் இரவல் வாங்கினார். புதன்கிழமை காலை காவிரிக்கு வந்துவிட்டார்.

பந்து வலப்பக்கம் போகிறதே என்று உடம்பை இடப்பக்கம் திருப்பி அடித்தார். பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் வளைந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிப் போர்வையில் மோதியது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

காலை அப்படியே வைத்துக்கொண்டு தோளை மட்டும் வலப்பக்கம் திருப்பினார். பந்து மட்டையின் நுனியில் பட்டு, அவருடைய ஸ்கூட்டர் கண்ணாடியையே உடைத்தது. துணி துவைப்பவர் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்.

அமலராணி பேப்பர்களின் மேல் செருப்பை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அடிக்கிற மாதிரி நில்லுங்க. அசையாதீங்க." அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "காலு ராஜகோபுரத்தப் பாக்குது. தோளு மலைக்கோட்டையப் பாக்குது. இடுப்பு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிருச்சு. பந்து பாவம், யார் பேச்சக் கேக்கும்?"

"கண்ணு கொம்பத்தானே பாக்குது?"

"கண்ணா அடிக்குது? ஒடம்புதான அடிக்குது?"

குடையின் நுனியால் பந்திலிருந்து கொம்பு வரை மணலில் ஒரு கோடு இழுத்தாள். அதற்குப் பக்கத்தில், அவர் கால் விரல்களை ஒட்டி இன்னொன்று.

"இது ரெண்டும் இணைகோடு. பந்து அதுல போகும். நீங்க இதுல நிக்கணும். பாதம், முட்டி, இடுப்பு, தோளு, நாலும் இந்தக் கோட்டோட போகணும்."

"அப்படி நின்னா நான் கொம்புக்கு இடப்பக்கமால்ல பாத்து நிக்கிறேன்?"

"கொம்புக்குப் போக வேண்டியது பந்துங்க. நீங்க இல்ல."

நம்பிக்கையில்லாமல் அடித்தார். பந்து துண்டின் மேல் பட்டு விழுந்தது. சவரிராயனுக்கு முதலில் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவர் எங்கும் சாதாரணமாக நிற்கவில்லை. அடுப்பு மேடைக்கு இணையாக நின்று தோசை வார்த்தார். "அப்பா, தோசைய மட்டுமாவது வட்டமா ஊத்துங்க" என்றாள் ஷெர்லின். சனிக்கிழமை மாலைப் பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது, இவர் மட்டும் பெஞ்சின் விளிம்பையும் தன் தோளையும் ஒப்பிட்டுக்கொண்டு நின்றார். அமலராணி காலை மிதித்தாள். ஒரு பாதம் கோட்டைவிட்டு விலகியது. உடனே சரிசெய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மைதானத்தில் ரங்கநாதனின் முதல் பந்து கருவேலமுள்ளுக்குள் போனது. இரண்டாவது முதலாவதைத் தேடிப் போனது. அவருடைய டிரைவர் அடைக்கலம் அரிவாளோடு உள்ளே இறங்கினார். அரிவாள் எப்போதும் காரில் இருக்குமாம்.

"நீங்க அடிங்க சவரிராயன்."

சவரிராயன் இரண்டு குச்சிகளைத் தரையில் இணையாக வைத்தார். பாதம், முட்டி, இடுப்பு, தோள் என்று ஜெபம்போல முணுமுணுத்தார். அடித்தார். பந்து எழும்பி நேரே போய், தூரத்துக் குழியில் நட்டிருந்த கொடிக்கு நாலடி தள்ளி நின்றது.

ரங்கநாதன் கொடியையும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன வருஷமா ஆடுறீங்க?"

"கொஞ்ச நாளாத்தான் சார்."

அடுத்த எட்டுக் குழிகளிலும் அதே கதைதான். முடிந்ததும் ரங்கநாதன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "ஒங்களுக்கு நான் ஏதாவது செய்யணும்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

சவரிராயன் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "அமலா, நேராப் போயிருச்சு! ராஞ்சியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஒன் இணைகோட்டுக்கு ஒரு மால போடணும்."

காரிலிருந்து அடைக்கலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், ஒங்க மாத்தல ரத்து பண்ணி நேத்தே கையெழுத்துப் போட்ட ஆர்டர, ஆட்டம் முடிஞ்சதும் ஒங்க கையில குடுக்கணும்னு கார்லதான் வச்சிருந்தாரு, இப்பக் கிழிச்சுப் போட்டுட்டு, 'இவ்வளவு நேரா அடிக்கிற மனுஷன இந்த முள்ளுக்காட்டுல வச்சிருக்கறது பாவம், ராஞ்சியில நம்ம கம்பெனிக்கே பதினெட்டுக் குழி மைதானம் இருக்கு, அங்க போயி சந்தோஷமா ஆடட்டும்'னுட்டாரு."