நாலாவது விண்ணப்பம்

"தலையை ஆட்டாதே, தலைப்பாகை கழன்றுவிடும்" என்றார் கிறேமர், காரை ஓட்டிக்கொண்டே.

அது தலைப்பாகை அல்ல, கிறேமர் வீட்டு வரவேற்பறைத் திரைச்சீலை. கனகலிங்கம் உண்மையான தலைப்பாகை கட்டியது ஒரே ஒரு தடவை, குமுதினிக்குத் தாலி கட்டிய அன்று. மூன்றாம் மாதமே, எண்பத்து மூன்றில், அவளை இலங்கையில் விட்டுவிட்டு, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டான். இப்போது மேற்கு ஜெர்மனியின் எல்லை நகரமான சார்புறூக்கனில் கிறேமரின் உணவகத்தில் கள்ளமாகக் கோப்பை கழுவுகிறான்.

"ஹெர் கிறேமர், அகதியளுக்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியிலை போக அனுமதி இல்லை. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு டெர்மின்!"

மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த அகதி விசாரணை அது. போகாவிட்டால் பைலை மூடிவிடுவார்கள். பிறகு குமுதினியை அழைப்பதைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது.

"பின்னேரத்துக்குள் திரும்பிவிடலாம். வரமாட்டேன் என்றால் நாளை முதல் வேலைக்கும் வராதே."

எல்லாம் கோல்ஃபால் வந்த வினை. எல்லைக்கு அப்பால் பிரான்சில் பெரிய இடத்துக் கழகம் ஒன்று இருந்தது. கிறேமர் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து பிரெஞ்சுக்காரர் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். திமிர் பிடித்தவர்கள், சோம்பேறிகள், ஒழுங்காகக் குளிக்காதவர்கள் என்று சூப் கிண்டும்போதெல்லாம் திட்டுவார். திட்டி முடித்த கையோடு அடுத்த விண்ணப்பத்தை எழுதுவார். வேண்டாம் என்றவன் வாசலிலேயே போய் நிற்கும் இந்த வியாதி கனகலிங்கத்துக்கு நன்றாக விளங்கியது. அவனுக்கும் அதுதானே.

"ஜெர்மன்காரன் தனியாகப் போனால் அவர்களுக்கு யுத்தம் ஞாபகம் வரும். இந்திய ராசா ஒருவரோடு போனால் தள்ள முடியாது."

"நான் இந்தியன் இல்லை."

"நீ ராசாவும் இல்லை. சும்மா இரு."

எல்லையில் பிரெஞ்சுக் காவலர் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கைகாட்டினார்.

கழகத் தலைவர் வாசலுக்கே வந்து கனகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கிறேமர்தான் மொழிபெயர்ப்பாளர்.

முதல் சிக்கல் மட்டையால் வந்தது. கனகலிங்கம் அதைக் கிரிக்கெட் மட்டையைப் போல ஊன்றிக்கொண்டு, பந்து வீசுகிறவனைத் தேடினான். கிறேமர் பாய்ந்து வந்து மட்டையைப் பிடுங்கினார்.

"ராசா தன் கையால் அடிப்பதில்லை, அவருக்காக நான்தான் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்று காதுக்குள் சீறினார்.

அப்படியானால் பையை மட்டும் ராசா தூக்குவாரா? அதுவும் கிறேமரின் தோளில் ஏறியது. முதலாளி சுமக்க, கோப்பை கழுவுகிறவன் கைவீசி நடந்தான். ஜெர்மனிக்கு வந்தபின் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

குழிக்குப் பக்கத்தில் புல்லை அவ்வளவு நேர்த்தியாக வெட்டி வைத்திருந்தார்கள். மிதிக்க மனம் வரவில்லை. வீட்டு வாசலில் செய்வதுபோலவே கனகலிங்கம் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

"உங்கள் புல்லைக் கோயிலாக மதிக்கிறார் என்று சொல்லிவிட்டேன்" என்றார் கிறேமர், வியர்வையைத் துடைத்தபடி.

தலைவர் குனிந்து தன் சப்பாத்தையும் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பை சுமந்த கிறேமர் ஒற்றைக் காலில் தள்ளாடித் தள்ளாடிக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் பந்து உருண்டு வந்தது. வயதான மனிதரை ஏன் குனிய வைக்க வேண்டும்? கனகலிங்கம் பந்தை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

கிறேமர் செத்த பிணமாக வெளிறினார். ஆட்டத்தின் நடுவே அடுத்தவன் பந்தைத் தொடுவதா! "ராசா தொட்டுக் கொடுத்தால் ஆட்டம் உங்களுக்கே" என்று எப்படியோ சமாளித்தார். தலைவர் கைதட்டினார்.

பின்னேரம் கிறேமருக்கு அங்கத்தவர் அட்டை கிடைத்தது. தலைவர் ராசாவின் தோளில் கைபோட்டு நீளமாகப் பேசினார்.

"ஒரு கிழமை நீ விருந்தாளியாகத் தங்க வேண்டுமாம். மாட்டேன் என்றால் அவமானமாம்" என்றார் கிறேமர்.

"ஏலாது! என்ரை டெர்மின்! ஹெர் கிறேமர், உங்களைக் கும்பிடுறன்!"

"சத்தம் போடாதே. விடிய ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன். என் வார்த்தையை நம்பு."

கார் புறப்பட்டது. திரைச்சீலை அவிழ்ந்து இழுபட, கனகலிங்கம் வாசல்வரை பின்னால் ஓடினான். கிறேமர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணை, தமிழோ?"

குசினிக் கதவடியில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவன் நின்றான். பெயர் நடேசனாம். கனகலிங்கம் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஓம் தம்பி, ஓம்! காலமை ஆறு மணிக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போறார். ஒன்பது மணிக்கு எனக்கு டெர்மின். வந்திடுவார்தானே?"

நடேசன் உள்ளே போய் இன்னொரு ஏப்ரனை எடுத்துவந்து நீட்டினான்.

"அவர் வரமாட்டார் அண்ணை. இஞ்சை ஜெர்மன்காரன் அங்கத்தவராகிறதெண்டால் கோப்பை கழுவ ஒரு ராசாவைக் கொண்டுவந்து விடவேணும். போன வருசத்து ராசா நான்தான்."