சூரியனில் பதினோரு கப்பல்கள்

சூரியனுக்குப் பக்கத்தில் வேற்றுக்கிரகக் கப்பல்கள் பறக்கின்றன என்பதை முறைப்படி கூட்டம் போட்டு, கோரத்துக்கு ஆள் எண்ணி, முன்மொழிந்து, வழிமொழிந்து நிறைவேற்றிய ஊர் உலகத்திலேயே ஒன்றுதான். அது அரியலூர். அமெரிக்கர்கள் கோடி கோடியாகச் செலவழித்துச் சூரியனைப் பார்க்கத் தொலைநோக்கி அனுப்பினார்கள். படம் எடுத்தார்கள். அதோடு சரி. அவர்களுக்குத் தீர்மானம் போடத் தெரியவில்லை. போட்டவர்கள் நாங்கள். 'அரியலூர் வான்பொருள் ஆய்வுக் கழக'த்தின் செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகம் இன்றும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். அரியலூரை மாவட்டமாக்கி, பதினைந்து மாதம் வைத்திருந்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட துக்கத்தில் ஊர் இருந்தது. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நசீர் அந்தப் படத்தை இறக்கினார். நசீர் லெப்பைக்குடிகாட்டுக்காரர். அண்ணன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பிய இரண்டு கம்ப்யூட்டரும், பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றும் அவருடைய சொத்து. படத்தில் கறுப்பு வானம், நடுவில் சூரியன், ஓரத்தில் தட்டையாக வெள்ளை உருவம் ஒன்று. அது கப்பல் என்று இன்டர்நெட்டில் ஒரு கோஷ்டி சொன்னது. படம் பதிவானதில் வந்த கோளாறு என்று இன்னொரு கோஷ்டி சொன்னது. உலகம் இரண்டுபட்டு நின்றது. கழகம் பிறந்தது.

தலைவர், வஜ்ரகாயா சிமெண்ட் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி சிங்காரவேலு. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நசீர் கடையில் கூட்டம். டீயும் போண்டாவும் கம்பெனி உபயம். கழகத்தின் 'சுதந்திரமான' போக்குக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. துணைத்தலைவர் டாக்டர் செல்லக்கண்ணு. மாட்டு டாக்டர்தான், ஆனால் கெஜட்டட் ஆபீசர். வட்டாரத்தில் வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டெல்லாம் அவருடைய பச்சை மையில்தான் 'உண்மை நகல்' ஆகும்.

ஆய்வு முறையைச் சொல்லியாக வேண்டும். முதல் கூட்டத்தில் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தோம். டாக்டர் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அன்றிலிருந்து அசலை யாரும் தேடவில்லை. சான்றொப்பமிட்ட நகல் கையில் இருக்கும்போது அசலுக்கு என்ன மதிப்பு? அடுத்த வாரம் நகலை வைத்து நகல் எடுத்தோம். அதற்கடுத்த வாரம் அந்த நகலுக்கு நகல். முதல் வாரம் ஒரு கப்பல். இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் ஏழு. நான்காம் வாரம் பதினொன்று.

"வந்துகிட்டே இருக்கானுங்க," என்றார் செல்லக்கண்ணு.

"சார், படம் ஒரே நாள்ல எடுத்ததுதான்," என்றார் நசீர். "அதுல எப்படி வாரா வாரம்..."

"நீங்க உறுப்பினரா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

"அப்ப மெஷின் கண்ணாடியத் தொடாம நகல மட்டும் எடுங்க."

தலைவர் தொலைநோக்கோடு யோசித்தார். "வேற்றுக்கிரகத்துக்காரன் பதினோரு கப்பல்ல வர்றான். நம்ம ஊருக்கு ஒரு கலெக்டர் வரக்கூடாதா? தீர்மானத்தப் போட்டு அனுப்புங்க, மாவட்டம் தானா திரும்பி வரும்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்தாம் கூட்டத்தில் தீர்மானம் என்று முடிவானது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பச்சையம்மாள் வந்தார். சிமெண்ட் கம்பெனியை ஒட்டிய வெள்ளாங்குட்டை கிராமம். கையில் மனு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். நசீர் எடுத்துக் கொடுத்த நகலில் எழுத்துக்கு நடுவே பத்துக் கறுப்புத் திட்டுகள்.

"என்ன தம்பி, அழுக்கா விழுந்திருக்கு? ஆபீசுல குடுக்கற மனு. தொடச்சிட்டுப் போடுங்க," என்றவர், யாரும் தடுப்பதற்குள் மெஷின் மூடியைத் தூக்கி, கண்ணாடியை முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்தார். முந்தானையில் சாம்பல் நிறத்தில் மாவு.

"எங்கூரு தூசிதான் இது. கம்பெனி வுடறது. பஸ்ஸுல வர்றவங்க மேல ஒட்டிகிட்டு இங்கயும் வந்துட்டுது."

நசீர் சூரியன் படத்தின் அசலை டிராயரிலிருந்து எடுத்து, துடைத்த கண்ணாடியில் வைத்துப் புது நகல் எடுத்து மேஜையில் போட்டார். ஒரே ஒரு கப்பல். வெள்ளைத் தாளில் கறுப்பாகவும் கறுப்பு வானத்தில் வெளுப்பாகவும் விழுந்தது ஒரே தூசி. வேற்றுக்கிரகத்தின் பத்துக் கப்பல்களை ஒரு நூல் சேலை அழித்துவிட்டது.

பச்சையம்மாளுக்குக் கப்பலைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய புருஷன் மாயவன் கம்பெனியில் ஒன்பது வருடம் மூட்டை பிடிக்கும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இப்போது இருமல் தவிர வேறு வேலை இல்லை. திருச்சி டாக்டர், இனிமேல் தூசி பட்டால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார். கம்பெனிப் புகைபோக்கியில் தூசி பிடிக்கும் மெஷின் இருக்கிறது. அதிகாரிகள் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் அது ஓடும். எல்லா நாளும் ஓட்டச் சொல்லுங்கள் என்பதுதான் மனு. மூன்று முறை கொடுத்தாயிற்று. மூன்று முறையும் 'ஆய்வின்போது தூசி காணப்படவில்லை' என்று பதில் வந்தது. பெரம்பலூரில் பெயர் சொல்லக் கூடாத ஓர் அலுவலகத்தில் அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவன் அடியேன்தான். மூன்றிலும் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

"நாளைக்கு மனு நாளு சார். இந்தத் தடவையும் சான்று இல்லன்னா மனுவையே மூடிடுவாங்களாம்," என்றார் பச்சையம்மாள். "நீங்கல்லாம் படிச்சவங்க. கண்ணால பாத்துட்டீங்க. இது தூசின்னு ஒரு வரி எழுதி, டாக்டரு சார் பச்ச மசியில கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்கூட்டுக்காரரு மூச்சு வுட்டாப் போதும்."

கழகம் அவசரக் கூட்டமாக மாறியது. நியாயமான ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

"தூசின்னு எழுதினா," என்றார் செல்லக்கண்ணு, "நாலு வாரமா தூசிக்கு 'உண்மை நகல்'னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னு ஆவும். அப்பறம் நான் போட்ட மார்க் ஷீட்டெல்லாம் என்னாவறது?"

"அது கெடக்கட்டும் டாக்டர்," என்றார் சிங்காரவேலு. குரலில் கோபமே இல்லை. "தூசின்னா எங்கருந்து வந்தது? இந்த வட்டாரத்துல தூசியே கெடையாதுன்னு மூணு தடவ ஆபீசுலயே எழுதிக் குடுத்திருக்காங்க. செயலாளரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று தலையாட்டினேன்.

"இல்லாத பொருள் கண்ணாடியில எப்படி ஒட்டும்? அதனால அது தூசி இல்ல. கேமரா கோளாறுங்கறது அமெரிக்காவோட பிரச்சன. பாக்கி என்ன இருக்கு?"

"கப்பல்," என்றார் செல்லக்கண்ணு.

"அந்தம்மா முந்தானையில இருக்கே சார்," என்றார் நசீர்.

"கப்பல் அங்கயும் எறங்கலாம்," என்றார் தலைவர். " அவன் தொழில்நுட்பம் நமக்குத் தெரியாது."

'மேற்படி உருவங்கள் தூசி அல்ல. தூசி என்ற பொருள் இவ்வட்டாரத்தில் இல்லாத காரணத்தால், அவை வேற்றுக்கிரகக் கப்பல்களே' என்று எழுதினேன். ஒருமனதாக நிறைவேறியது. டாக்டர் சான்றொப்பமிட்டார்.

பச்சையம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. மஞ்சப்பையிலிருந்து பெரிய உறை ஒன்றை எடுத்தார். உள்ளே மாயவனின் நெஞ்சு எக்ஸ்ரே. அதை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பு வானம். அதில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உருவங்கள்.

"இதுல எத்தன கப்பல் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க சார்."

செல்லக்கண்ணு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். போண்டா ஆறுவதாகத் தலைவர் சொன்னார். நசீர் மெஷின் சுவிட்சை அணைத்தார். நான் மட்டும், பழக்கதோஷம், மனசுக்குள் எண்ணினேன். நாற்பத்தேழு வரை வந்தது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. குறிப்பேட்டில் 'பார்வையாளர் தரப்பில் கேள்வி எதுவும் எழவில்லை' என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன்.

தீர்மானத்தின் நகல்களை மறுநாளே தலைவர் தாமே எல்லா ஆபீசுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். மாவட்டம் உடனே வரவில்லை. பச்சையம்மாளின் மனு மட்டும் அன்று மாலையே மூடப்பட்டது. முன்பு மூன்று முறையும் தூசி இல்லை என்று சொன்னதற்கு எங்கள் ஆபீசில் சான்று எதுவும் கிடையாது. நான்காம் முறை பதில் அடித்தபோது, பச்சை மையில் கையெழுத்தான சான்று ஒன்றை இணைத்திருந்தேன்.