திருமயம் கோட்டையில் ராக்கெட் பார்த்த விவரம்

நமணசமுத்திரம்,
கார்த்திகை மாதம், சனிக்கிழமை.

அன்பும் அடக்கமும் உள்ள மருமகன் சேவுகனுக்கு, உன் தாய்மாமன் ரெங்கசாமி ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தாள் சின்னப்பிள்ளை, உன் தங்கை கண்ணாத்தாள், செவலைப் பசு, அதன் கன்று உட்பட அனைவரும் சௌக்கியம். திருவனந்தபுரத்தில் நீயும், நீ வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளியும், அவர் கடை வியாபாரமும் சௌக்கியமாக இருக்கத் திருமயம் பெருமாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. வியாழக்கிழமை நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் ஆத்தாள் யாரையாவது பிடித்து வேறு மாதிரி எழுதச் சொல்வாள். அதை நம்பாதே.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, வருகிற வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம் தும்பா கடற்கரையிலிருந்து ராக்கெட் விடப்போகிறார்கள், அது உச்சியில் போய்க் கக்கும் புகை நம் பக்கத்துக்கும் தெரிந்தாலும் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். எனக்கு அது முன்னமே தெரியும். சிறுபிள்ளை ஆசையாய்ச் சொல்கிறாயே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டது அதற்கு மேல் வாத்தியாருக்கே தெரியாது என்பதால்தான்.

அதே வியாழக்கிழமைதான் பொன்னமராவதி மூக்கன் வீட்டார் கண்ணாத்தாளைப் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின இரண்டு இடமும் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு பதில் சொல்லவில்லை, ஊரே உன் ஆத்தாளைத் துக்கம் விசாரித்தது உனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை திருமயம் பெருமாள் கோயிலில் சாமி கும்பிட வந்தவர்கள்போல இரண்டு வீட்டாரும் யதேச்சையாகச் சந்திப்பது, பிடிக்காவிட்டால் பிரசாதத்தோடு பிரிந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. நான்தான் சொன்னேன், கோயிலில் பெண் பார்ப்பது என்ன ரகசியம், பூக்காரிக்கே தெரியும். ராக்கெட் பார்க்க வந்ததாகச் சொன்னால் எவன் சந்தேகப்படுவான் என்று. உன் ஆத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உன் பேச்சைக் கேட்டு இதுவும் கெட்டுச்சுன்னா, அண்ணன்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி மிதிச்சிராதே" என்றாள். உன் ஐயா போன பிறகு அந்த வீட்டுக்கு ஆண்துணை என்று இருக்கிறவன் நான். ஆனாலும் கலங்கவில்லை.

பார்ப்பதற்கு இடம் தேடி நான் அலைந்த அலைச்சலை யாரும் கேட்கவில்லை. கண்மாய்க் கரையில் நின்றால் தென்மேற்கே பனைமரங்கள் வரிசையாக மறைக்கின்றன. பள்ளிக்கூட மாடியைக் கேட்டால் ஹெட்மாஸ்டர், நாலு பேர் ஏறினாலே ஓடு உதிர்கிறது என்றார். கடைசியில் திருமயம் கோட்டைதான், மேலே பீரங்கி இருக்கிற இடந்தான் என்று தீர்மானித்துப் பொன்னமராவதிக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

கோட்டை அடிவாரத்தில் மூக்கன், அவர் சம்சாரம் முத்துமாரியம்மாள், மகன் நல்லதம்பி மூவரும் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார்கள். நல்லதம்பி ரைஸ்மில்லில் என்ஜின் பார்க்கிறான், அதிகம் பேசாத பையன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் பேச்சோடு பேச்சாக எங்கிட்டிருந்து பஸ் ஏறினீர்கள் என்று கேட்டது. வடக்கே நமணசமுத்திரம் என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"வடக்கயிருந்து தெக்கயா வந்தீக? இன்னைக்கி வியாழக்கெழமல்ல. தெக்கே சூலம் நிக்கிதே. நல்ல காரியத்துக்கு யாராச்சும் சூலத்துக்கு எதுக்க வருவாகளா?"

அப்படிப் போகவேண்டிவந்தால் புறப்படுமுன் எண்ணெய் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டு கிளம்பினால் சூலம் குத்தாது என்பது எனக்குத் தெரியாததா? வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம் என்று கூசாமல் சொன்னேன். முத்துமாரியம்மாள் கண்ணாத்தாள் அருகில் போய் அவள் தலையில் கையை வைத்துப் பார்த்தது. காலையில்தான் உன் ஆத்தாள் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். முடி வைக்கோலாய்ப் பறந்தது. உன் ஆத்தாள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சோறு இறங்கவில்லை.

வேறு ஆளாயிருந்தால் அங்கேயே காரியம் கெட்டிருக்கும். நான் விடவில்லை. புறப்படுமுன் வைக்கவேண்டும், அவ்வளவுதானே? மறுபடி புறப்பட்டால் போச்சு என்று சொல்லி, உன் ஆத்தாளையும் கண்ணாத்தாளையும் ரோட்டோடு வடக்கே ஒரு புளியமரம் வரைக்கும் திரும்ப நடத்திக்கொண்டு போனேன். வழியில் கடையில் நல்லெண்ணெய் தீர்ந்துபோய் விளக்கெண்ணெய்தான் இருந்தது. சூலத்துக்கு எண்ணெய்தானே கணக்கு, அது என்ன தாளிக்கவா போகிறது? மரத்தடியில் மூவரும் உச்சியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் ஊரிலிருந்து வருகிறவர்கள்போல மறுபடி தெற்கே வந்து சேர்ந்தோம். மூக்கனும் அவர் வீட்டாரும் எங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல, வாங்க வாங்க என்றார்கள். மனுஷர்கள் நல்ல மனுஷர்கள்.

அதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. வேகமாய் ஏறுங்கள் என்று நான் முன்னால் ஏற, மடியில் செருகியிருந்த குப்பியின் மூடி எப்போது கழன்றதோ, பாறைப்படி நெடுக விளக்கெண்ணெய் ஒழுகிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர் மூக்கன். சத்தம் கேட்டுத் திரும்பினால் மனிதர் இரண்டு படி கீழே உட்கார்ந்திருக்கிறார், கணுக்கால் பிசகியிருக்கிறது. நல்லதம்பி அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து பீரங்கி மேடையில் உட்காரவைத்து, காலைத் தன் மடியில் வைத்துத் துண்டால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே ராக்கெட் பார்க்க ஐநூறு பேர் கூடியிருந்தார்கள், அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள்.

மூக்கன், "ராக்கெட்டும் வேணாம், சம்பந்தமும் வேணாம், எறங்குவோம்" என்றார். முத்துமாரியம்மாள் என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னது: "சூலம் குத்திருச்சு. கண்ணால பாத்தாச்சு. இருந்தாலும் இம்புட்டு தூரம் வந்துட்டோம். நீங்க சொன்னபடி வானத்துல தெரிஞ்சுச்சுன்னா கழிஞ்சு போச்சுன்னு எடுத்துக்குறேன். தெரியலேன்னா எங்கள வுட்டுருங்க."

உன் தங்கை வாழ்வு அந்தத் தென்மேற்கு மூலையில் தொங்கியது, மருமகனே. உன் ஆத்தாள் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டி, இந்த இடத்தில்தான் வரும் என்று காட்டிக்கொண்டு நின்றேன். சூரியன் இறங்கிற்று. கல் சூடு ஆறிற்று. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, கழுவிவைத்த தாம்பாளம் மாதிரி. நான் நீட்டிய விரலுக்கு நேராக, முதலில் ஒரு கீற்று, அப்புறம் மஞ்சள் அரைத்து வழித்த மாதிரி ஒரு புகை விரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். முத்துமாரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொண்டுவந்திருந்த பூவை அங்கேயே கண்ணாத்தாள் தலையில் வைத்துவிட்டது. தை பிறந்ததும் நிச்சயம். முதலாளியிடம் இப்போதே லீவு சொல்லிவை.

கண்ணாத்தாள் உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் ஆத்தாள் வெளியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள். நீ ஆலாய்த் தழைத்து, அடுத்த வருஷம் உனக்கும் நான் இதேபோல் முன்னின்று நடத்திவைக்க ஆண்டவன் எனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும்.

உன் மாமன்,
ரெங்கசாமி

பின்குறிப்பு: வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது என்று எழுதினேன் அல்லவா, அது மட்டும் நானாகச் சேர்த்தது. ஐநூறு பேரில் ஆடுகளும் சேர்த்தி, அதை விடு. தென்மேற்கு முழுக்கக் கார்த்திகை மழை மேகம் கரிச்சட்டி கவிழ்த்த மாதிரி நின்றது. சூரியன் இறங்கினதே எங்களுக்குத் தெரியாது. என் கை கடுத்துப்போய்த் தானாக இறங்கிவிட்டது. முத்துமாரியம்மாள் எழுந்து சேலையை உதறிற்று. அப்போது, காலையிலிருந்து வாய் திறக்காத கண்ணாத்தாள், "அந்தா, மஞ்சளா தெரியுதே" என்றாள். எல்லாரும் பார்த்தோம். கருப்பாய்த்தான் இருந்தது. நல்லதம்பி மேகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் ஆத்தாள் பக்கம் திரும்பி "ஆமாத்தா, மஞ்சத்தான்" என்றான். அதற்கப்புறம் மூக்கனும் பார்த்தார், உன் ஆத்தாளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணாத்தாளிடம் மெதுவாகக் கேட்டேன். "மேகத்த யாரு பாத்தா மாமா? அவுக அய்யா கால மடியில வச்சு எண்ணெயத் தொடச்சுக்கிட்டு இருந்தாக. அந்த ஆள வுட்டுப்புட்டு எறங்க எனக்கு மனசில்ல" என்றாள்.

ஆகவே மருமகனே, உண்மையிலேயே அங்கே ராக்கெட் விட்டார்களா, விட்டிருந்தால் புகை என்ன நிறம் என்று விசாரித்து உடனே எழுது. மூக்கன் பார்க்கிறவரிடமெல்லாம் மஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு நிறமாக இருந்தால் எழுத வேண்டாம்.