மந்திரித்த கம்ப்யூட்டர்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் மாட்டுவது தோசை சுடுவதைவிடச் சுலபம் என்று யூடியூபில் சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் மேல் கோபம். கம்ப்யூட்டருக்குள் கலர் கலராக எரியும் காற்றாடியைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, காரைக்காலிலேயே தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று திரிந்த முப்பத்திநாலு வயது மடையன் மேல் கோபம். அவன் கையில் கிடைத்தால் அறைந்துவிடுவேன். (கண்ணாடியில் தினமும் கிடைக்கிறான். முடி கொட்டிப்போய்ப் பாவமாக இருக்கிறான், விட்டுவிடுகிறேன்.)

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு பிரெஞ்சு நன்றாக வரும். எங்கள் ஊரில் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. பாரிஸ் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் பிரெஞ்சு படித்தாக வேண்டும். ஸ்டெல்லா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தாள். ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. அது சொதப்பினால் ஏழு பேரும் வேறு டீச்சரைத் தேடிப் போய்விடுவார்கள், விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது. செல்போனில் எழுதிக் காட்டிப் பாடம் நடத்த முடியவில்லை. ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

"கடையில ரெடியா இருக்கறதயே வாங்கிடலாங்க" என்றாள்.

"நம்ம தலையில மொளகா அரைச்சிடுவாங்க. நானே பாகம் பாகமா வாங்கி மாட்டறேன், பாரு."

பத்து நாள் ஆராய்ச்சி செய்தேன். எந்த போர்டில் எந்த புராசசர் உட்காரும், அந்த போர்டு எந்த ரேமை ஏற்கும், எல்லாம் சேர்ந்து எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். எங்கள் குடும்பத்தில் ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை. என் கல்யாணத்துக்குப் பார்க்காத பொருத்தத்தையெல்லாம் சேர்த்துவைத்து இதற்குப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் பொறுமைசாலி. பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேசினார்.

"சார், இந்த புராசசர் வெல கம்மிதான். ஆனா இதுல படம் வராது. கிராபிக்ஸ் கார்டு தனியாப் போடணும். இல்லன்னா கொஞ்சம் கூடக் குடுத்து, படம் காட்டற புராசசரா எடுத்துக்குங்க."

"எனக்குத் தெரியுங்க. பட்டியல்ல இருக்கறத மட்டும் குடுங்க."

"சரிங்க. மாட்டி, ஓட்டிப் பாத்தே தந்துடறோம். அதுக்குக் காசு வேணாம் சார்."

"அதுவும் வேணாங்க."

தெரியும் என்றேனே, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! போர்டின் பின்பக்கம் மானிட்டர் வயரைச் சொருக இடம் இருப்பதைப் பார்த்திருந்தேன். விவரம் தெரியாதவன் என்று என் தலையில் கூடுதலாக ஒரு சாமானைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மிச்சம் பிடித்த பணத்தில் நாலு கலர் காற்றாடியும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டியும் வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை மாட்டி முடித்தேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. அப்போதே சுவிட்சைத் தட்டிப் பார்த்திருந்தால், ஞாயிறு விடுமுறைக்குக் கடை மூடுவதற்குள் ஓடியிருக்கலாம். ஆனால் ஸ்டெல்லாவின் அம்மா போட்ட சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. புதிதாக எது வந்தாலும் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். பைக்குக்கும் அப்படித்தான், தையல் மெஷினுக்கும் அப்படித்தான். நான் மறுக்கவில்லை. (பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கூட்டித் திறப்பு விழா நடத்தும் அரிப்பு.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் மண்டபத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கேசரி, வடை, காபி. கடைக்காரரை எப்படி மடக்கினேன் என்று இருபது பேருக்கு விளக்கினேன். பங்குச் சாமியார் வந்தார். ஊருக்குப் புதியவர், என்னைவிட இளையவர். ஜெபம் சொல்லி, பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

நாலு காற்றாடியும் சுற்றின. சிவப்பு, பச்சை, நீலம் என்று வெளிச்சம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தது.

வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மானிட்டரைத் தட்டினேன். பிளக் பாயிண்டைத் திட்டினேன். சமையலறையில் மிக்சி போட்ட மாமியாரைத் திட்டினேன். ஏழெட்டு முறை தட்டியும் படம் வரவில்லை. சொந்தக்காரர்கள் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அவமானத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஃபாதர், நீங்க கொஞ்சம் பாத்துத் தெளிச்சிருக்கலாம். உள்ள தண்ணி போயிடுச்சு."

மாமியார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். சாமியார் கோபப்படவில்லை. குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"தண்ணி கண்ணாடி மேலதாங்க பட்டிருக்கு. கிராபிக்ஸ் கார்டு எங்கங்க?"

"எதுக்கு ஃபாதர்?"

"படம் வரத்தாங்க. இது என்ன புராசசர்?" என்று டப்பாவை வாங்கிப் படித்தார். "போர்டுல வயர் சொருக இடம் இருந்தாலும் இதுக்குப் படம் காட்டத் தெரியாதுங்க. அதனாலதான் வெல கம்மி. சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் மாட்டற வேலதான் பாத்தேன்."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "கடைக்காரர் இத சொல்லலையா?"

"சொல்லவே இல்ல."

"ஃபாதர் நிக்கறாரு. உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் எச்சரித்தது, நான் வாயை அடைத்தது, அந்தப் பணத்தில் காற்றாடி வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, இருபது பேர் கேட்க நான் செய்த ஒரே பாவசங்கீர்த்தனம் அதுதான்.

"ஊருக்கெல்லாம் கேசரி கிண்டிப் போட்டாச்சு. நாளைக்கு நான் எத வச்சிக் கிளாஸ் எடுக்கறது? இந்தக் கலர் லைட்ட வச்சா?" என்றாள் ஸ்டெல்லா. குரல் உடைந்துவிட்டது. அவள் அழுததைப் பார்த்ததும் என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

சாமியார்தான் வழி சொன்னார். "கோயில் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கும்மா. காலையில வந்துடுங்க." போகும்போது என் தோளைத் தட்டி, "தப்பு தீர்த்தத்து மேல இல்லங்க" என்றார். கொன்றிருக்கலாம் என்னை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, ஸ்டெல்லாவின் பையைச் சுமந்துகொண்டு கோயில் ஆபீஸ் வாசலில் நின்றேன். அவள் என்னோடு பேசவில்லை. வகுப்பு அருமையாக நடந்தது. பிரெஞ்சில் 'உண்டு', 'இல்லை' சொல்வது எப்படி என்பது அன்றைய பாடம். உதாரணத்துக்கு அவள் எடுத்த வாக்கியங்கள் மூன்று: விளக்கு எரிகிறது. காற்றாடி சுற்றுகிறது. படம் வரவில்லை. ஏழு பெண்களும் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்வது வாசல்வரை கேட்டது.

மறுநாளே கார்டு வாங்கிப் போட்டுவிட்டேன். (கடைக்காரர் சிரித்த முகத்தோடு பில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.) ஆனால் எத்தனை பேட்ச் மாறினாலும் ஸ்டெல்லாவின் முதல் பாடம் இன்றுவரை மாறவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் பழைய மாணவி ஒருத்தி பாரிஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். கோயில் வாசலில் ஸ்டெல்லா என்னை அறிமுகப்படுத்தினாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கை கூப்பினாள். கூடவே உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் வாக்கியத்தை பிரெஞ்சில் சொன்னாள். அவள் புருஷன் இரண்டாவதைச் சொன்னான். அங்கேயே பிறந்து, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அவர்களுடைய நாலு வயது மகள் என்னை நிமிர்ந்து பார்த்து மூன்றாவதைச் சொன்னாள்.

குழந்தையின் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதாம். வீடு வரும்வரை ஸ்டெல்லா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.