கர்னலுக்குப் பதவி உயர்வு

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கம்ப்யூட்டரும் இப்போதைக்குச் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேச ஆரம்பித்தால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று, "மாப்பிள்ளை மனசு நோகாமப் பேசுங்க" என்று என் கையைக் கிள்ளுகிறாள். கிள்ளு வாங்கிக்கொண்டே ஒரு விஷயத்தைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உங்கள்மேல் குறை சொல்லும் கடிதம் அல்ல. போன மாதம் வந்திருந்தபோது நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "மாமா, இதுல கர்னல் ரொம்பப் பழசா இருக்கு, பாதுகாப்பே இல்ல, புதுசு போட்டுடறேன்" என்றீர்கள். மாப்பிள்ளை ஒன்று செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. போட்டீர்கள், சாப்பிட்டீர்கள், ஊருக்குப் போனீர்கள். அதன்பிறகு உங்கள் அத்தை, "யாருங்க அது கர்னல்? பட்டாளத்துக்காரரா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டருக்குள் எல்லோருக்கும் உத்தரவு போடுகிற ஆள் அவர்தான், இப்போது அவரை மாப்பிள்ளை உயர்த்திவிட்டார் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். "அப்ப பதவி உயர்வுன்னு சொல்லுங்க" என்று சந்தோஷமாகப் போய்விட்டாள்.

மறுநாள் மவுஸ் தூங்கியது. உலுக்கினால் விழித்துக்கொள்ளும், கையை எடுத்தால் மறுபடி தூங்கும். பென் டிரைவோ வேண்டாத விருந்தாளி மாதிரி, கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வந்து திரையில் நிற்கும். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் எம்ப்ராய்டரி மெஷினும் யு.எஸ்.பி. கேபிளில்தானே ஓடுகிறது? உங்கள் அத்தை சட்டையை வளையத்தில் இறுக்கி மாட்டுவாள், நான் பெயரை அடித்து அனுப்புவேன், மெஷின் தைக்கும். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. அந்தச் சமயம் பார்த்து, கால்பந்துக் கழகம் ஒன்று தன் நிர்வாகிகள் சட்டைகளின் முதுகில் அவரவர் பொறுப்பைத் தைத்துக் கேட்டிருந்தது. வேலை பிடித்திருந்தால் எல்லா அணிகளின் சட்டையும் நம்மிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் அத்தை பல வருஷமாக எதிர்பார்த்திருந்த வாய்ப்பு, மாப்பிள்ளை.

முதல் சட்டை பயிற்சியாளருடையது. மெஷின் கடகடவென்று தைத்துக்கொண்டே போய் "பயிற்சியா" என்ற இடத்தில் நின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்கிச் சொருகி, அடுத்ததாகப் பொருளாளரை அனுப்பினேன். "பொருளா" என்றதோடு நிறுத்திக்கொண்டது. உதவியாளர் "உதவியா" ஆனார். எல்லோரையும் சந்தேகமாகவே பார்க்கும் இந்த மெஷின், கழகத்து டாக்டரின் சட்டையை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டது. ஆனால் "மருத்துவர்" என்பதில் "மரு" வரைக்கும்தான் அதற்குப் பொறுமை இருந்தது. உங்கள் அத்தை நான்கு சட்டைகளையும் கட்டிலில் வரிசையாக விரித்துப் பார்த்தாள். "பதவி உயர்வு வந்ததும் கர்னல் பழைய ஆளுங்கள கண்டுக்க மாட்டேங்கறாராங்க?" என்றாள். உங்களைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னாலானதைச் செய்தேன். கேபிளை மாற்றினேன். முன்பக்கத்து ஓட்டையில் இருந்ததைப் பின்பக்கத்து ஓட்டைக்கு மாற்ற மேஜைக்கடியில் தவழ்ந்துபோய், எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொண்டேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "மேஜைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்தாள். கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தோம். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். இணைந்தது, துண்டித்தது, இணைந்தது, துண்டித்தது என்று சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டி கதை மாதிரி வரிவரியாக ஓடியது. "சார், கம்ப்யூட்டர் சுத்தமா இருக்கு. உங்க மெஷின்தான் கையை உதறிட்டுப் போகுது" என்றார். மெஷின் மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் மூடியைக் கழற்றி எண்ணெய் விட்டு, "மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். கம்ப்யூட்டர்தான் கண்ணை மூடிக்குது" என்றார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வந்திருந்தால் அவர்களுக்குள் பேசித் தீர்த்திருப்பார்கள்.

பிறகு இண்டர்நெட்டில் என்னைப் போல அழுதுகொண்டிருந்தவர்களைக் கண்டுபிடித்துப் படித்தேன். புதிய கர்னல் சிக்கனக்காரராம். யு.எஸ்.பி.யில் மாட்டியிருப்பது எதுவானாலும் கொஞ்சம் சும்மா இருந்தால், மின்சாரம் மிச்சம் என்று தூங்கவைத்துவிடுவாராம். மெஷின் பாதிப் பெயரை வாங்கித் தைத்துக்கொண்டிருக்கும்போது கேபிள் சும்மாதானே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார் போலிருக்கிறது. இதை உங்கள் அத்தையிடம் சொன்னேன். "சும்மா இருக்கறவங்கள தூங்க வைக்கறதுக்குப் புதுசா ஒரு ஆள் எதுக்கு? இந்த வீட்ல அது தானா நடக்குதே" என்றாள். தூங்கவைக்காதே என்று கர்னலுக்கு எழுதவேண்டிய வரியை அப்படியே பார்த்து அடித்தேன். எங்கேயோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்க வேண்டும், அவர் சட்டை செய்யவில்லை.

அதற்குள் பயிற்சியாளரே வந்துவிட்டார். சட்டை தயாராகவில்லை என்று நான் வாசலிலேயே சொல்லி முடிப்பதற்குள் மைதானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். முதுகில் இருப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? அன்று மைதானத்தில் அவர் பையன்களுக்கு முதுகைக் காட்டி நின்று விசில் ஊத, முதுகு "பயிற்சியா" என்று கேட்க, அத்தனை பேரும் ஒரே குரலில் "வேண்டாம் சார்!" என்றார்களாம். சாயங்காலம் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை மேட்ச்மா. முடியலைன்னா சொல்லிடுங்க, வேற இடம் பார்த்துக்கறேன்" என்று உங்கள் அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடு முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். என்னைக் கிள்ளக்கூட இல்லை. அதற்குக் கிள்ளு வாங்குவதே மேல் என்பேன். என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். அது விழிக்கும்போது விசைப்பலகையைத் துடைக்கலாம் என்று துணியை வைத்துத் தேய்த்திருக்கிறேன். வழக்கமாக வராத ஒரு பட்டியல் வந்து நின்றது. மேலே புதிய கர்னல், கீழே பழைய கர்னல்! மனுஷர் வீட்டைவிட்டுப் போகவே இல்லை, மாப்பிள்ளை, உள்ளேயே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன். மவுஸ் விழித்தது, பென் டிரைவ் ஒழுங்காக வந்து நின்றது, மெஷின் "பயிற்சியாளர்" என்று கடைசிப் புள்ளிவரை தைத்தது.

"ஏங்க, 'ளர்' வந்துடுச்சு!" என்று அவள் கூவினாள். எங்கள் மகள் பிறந்தபோதுகூட இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. "ஓய்வுபெத்தவரைத் திரும்பக் கூப்பிட்டுட்டேன்" என்றேன். "அவங்களாலயும் சில சமயம் பிரயோஜனம் இருக்கு" என்றாள். இதை நான் எனக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டைகள் சனிக்கிழமையே போய்விட்டன. டாக்டர் மட்டும் தன்னுடையதைப் பிரிக்க விடவில்லை. "மரு" பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், டாக்டர்கள் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் சுருக்கம் மாதிரி இருக்கும் என்றார். எல்லா அணிகளின் சட்டையும் இப்போது நம் கூடத்தில் குவிந்திருக்கிறது.

ஆகவே, இதைச் சரிசெய்ய நீங்கள் லீவு போட்டு இவ்வளவு தூரம் வரவேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. வந்தாலும் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குச் சிரமப்பட்டுப் போகவேண்டாம். கூடத்திலேயே நல்ல காற்று வருகிறது. எங்கள் மகளுக்கு என் ஆசி. உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். நீங்கள் இருவரும் எந்தத் துண்டிப்பும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டக் கோந்து தேடிப்போன நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. இன்னும் புதிய கர்னல் ஒன்று தயார், பாதுகாப்புக்காக அதை ஏற்றிவிட்டு, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழையதை நிரந்தரமாக நீக்கிவிடலாமா என்று. "பாதுகாப்புன்னு மாப்பிள்ளை வாயாலயே சொன்னாரேங்க" என்று உங்கள் அத்தை பக்தியோடு சரி என்பதை அழுத்திவிட்டாள். இதை எழுதும்போது மவுஸ் தூங்குகிறது. உங்களுக்கு எந்த ரயிலில் டிக்கெட் கிடைத்தாலும் சரி, உடனே புறப்பட்டு வரவும்.