மலைமேல் இரண்டு மொட்டைகள்

பொறாமை வந்தவனுக்கு முதலில் புத்தி போகும். எனக்குப் படித்த படிப்பும் சேர்ந்து போனது. (விலங்கியலில் முதுகலை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.)

பொறாமை என் சகலை மேல். மனைவியின் தங்கையைக் கட்டியவன், சென்னையில் வங்கி மேலாளர். கார் இருக்கிறது, கணீரென்ற குரல் இருக்கிறது. அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் எங்கள் மாமனார் அவனைப் பெற்ற பிள்ளை மாதிரி வாய் நிறைய "நைனா" என்பார். மூத்த மாப்பிள்ளையான நான் மட்டும் "வாத்தியாரே". ஒரே ஒரு முறையாவது அந்த நைனா எனக்குக் கிடைக்காதா என்று வயிறு எரியும்.

சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு திருத்தணி மலைக்குப் போனோம். வேண்டுதல்படி நானும் சகலையும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டோம். மண்டபத்தில் புளிச்சோறு சாப்பிடும்போது ஒரு குரங்கு மாமனாரின் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், பொறுமையாக உரித்துத் தின்றது. இது எப்படி மனுஷன் மாதிரியே உரிக்கிறது என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். வாயில் இருந்த சோற்றை நான் விழுங்குவதற்குள் சகலை ஆரம்பித்துவிட்டான்.

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணுவில் பெரும்பகுதி ஒன்றுதான், இருவருக்கும் பொதுவாக ஒரு முன்னோர் இருந்ததற்கு அதுவே சாட்சி என்றான். அத்தனையும் சரி. நான் வகுப்பில் சொல்வதைவிட அழகாகவும் சொன்னான், அதுதான் பொறுக்கவில்லை. பக்கத்துக் குடும்பங்களும் காது கொடுத்தன. மாமனார் "அப்டியா நைனா" என்று உருகினார்.

நான் எழுந்து நின்று மறுத்தேன். (விலங்கியல் வாத்தியார், பரிணாமத்தை, அதுவும் எழுந்து நின்று.) ஒரே மாதிரி இருந்தால் சொந்தமாகிவிடுமா, வாழைப்பழத்துக்கும் நமக்கும்கூடப் பொதுவான மரபணு உண்டே, அதுவும் பங்காளியா என்று கேட்டேன்.

"தூரத்துப் பங்காளி," என்றான் சகலை. மண்டபமே சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். என் மகள் விடவில்லை, அப்போது என் வகுப்பிலேயே படித்துக்கொண்டிருந்தவள்.

"இன்னாப்பா மாத்திப் பேசற? வைட்டமின் சி செய்யற மரபணு நமக்கும் கெட்டுப்போச்சு, சிம்பன்சிக்கும் அதே மாதிரி கெட்டுப்போச்சு. ரெண்டு பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா ஒரே எடத்துலேர்ந்துதான் வந்திருக்கும்னு போன வாரம் நீதானே சொன்ன?"

பாடத்திட்டம் மாறப்போகிறது என்று ஏதோ உளறிவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"மனசுல வெச்சுக்காத நைனா. அந்த வாத்தியாரு படிச்சது ஒண்ணும் மண்டையில ஏறல. நீ சொன்னதுதான் சரி."

மாமனார்தான். பின்னாலிருந்து பார்த்தால் நானும் சகலையும் அதே சந்தன மொட்டை, அதே வெள்ளை வேட்டி. நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு காலமாக ஏங்கிய வார்த்தை! திரும்பாமல், சகலையின் கணீர்க் குரலில், "ஆங், மாமா," என்றேன். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அசல் சகலை டம்ளர் கழுவ எதிரில் வந்து நின்றான்.

மாமனார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"ஒரே மாதிரி இருந்தா சொந்தமாயிடுமான்னு கேட்டீங்களே அண்ணா," என்றான் சகலை, நிதானமாக.

அதிலிருந்து நாங்கள் மொட்டை போடும்போதெல்லாம் என் பின்னந்தலைச் சந்தனத்தில் மாமியார் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுகிறார், வாத்தியாருக்கு அடையாளமாம். வீடே சிரிக்கிறது, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது குழாயடிக்குப் போய், அந்தப் பொட்டை மட்டும் அழித்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன்.