பாதாளத் தங்க நிபுணர்

மனித குலத்தில் பாதாள நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. வாசலில் கிடக்கும் செருப்பில் தன்னுடையது எது என்று தெரியாது. பூமிக்கு நூறு மைல் கீழே நடப்பதெல்லாம் அத்துப்படி.

தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார். பூகோள வாத்தியார் வில்பிரட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வீட்டுக்குக் கிணறு வெட்ட ஆரம்பித்தார். அதுவரை அவர் மனைவி ஞானசௌந்தரி, அடுத்த தெருக் கிணற்றில் குடத்தோடு இடிபட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச ஆழத்திலேயே பாறை. வெடி வைக்கத் துளை போட்டார் மேஸ்திரி ஜெயவேலு. உடைந்த சில்லில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. போதாதா?

"நிறுத்துப்பா! தங்கம்!"

"இன்னா சார், நெசமாவா?"

வாத்தியார் மண்மேட்டின் மேல் ஏறிவிட்டார். ஆழத்துப் பாறையில் தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடியாய்ச் சிதறிக் கிடக்குமாம், தனியாக அசையாதாம், பாறை உருகும்போது கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புமாம், வெடிப்பு வெடிப்பாய்ப் புகுந்து மேலே ஏறுமாம், வழியில் கந்தகம் கழன்றுகொண்டால் அங்கேயே தங்கிவிடுமாம். அந்த இடம் சாட்சாத் இவர் கொல்லைதானாம். வெடி வைத்தால் எல்லாம் சிதறிப் போகாதா? வேலை நின்றது.

"அது மேல வர எத்தனை நாளாகுங்க?" என்றார் ஞானசௌந்தரி.

"கோடிக்கணக்கான வருஷம்."

"ஈஸ்டருக்கு உங்க அக்கா குடும்பத்தோட வராங்க. எனக்கு அதுக்குள்ள தண்ணி வேணும்."

ரசாயன வாத்தியார் எலியேசர் கல்லைச் சோதித்துவிட்டு, வெறும் காக்காப்பொன் என்றார். "மேல காக்காப்பொன் இருந்தா, கீழ நல்ல பொன் இருக்கும்" என்றார் நம்மவர். இந்த இனத்தோடு வாதாட முடியுமா?

"சும்மா குந்திகினு இருந்தா பேஜார் சார்" என்று ஜெயவேலு ஆட்களோடு பல்லாவரம் வேலைக்குப் போய்விட்டார். மறுபடி வரப் புது முன்பணம் கேட்டார்.

கடைசியில் தங்கம் நகரத்தான் செய்தது. ஞானசௌந்தரியின் கழுத்துச் சங்கிலி, கந்தகத்தின் துணையில்லாமலே, அடகுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெயவேலு வந்தார், வெடி வெடித்தது, பாறை இடுக்கில் ஊற்று கண் திறந்தது. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியை உறிஞ்சிக்கொண்டே வாத்தியார் சொன்னார்: "அவசரப்பட்டுட்டே, சௌந்தரி."

அந்த அம்மாளின் வெறுங்கழுத்தைப் பார்த்த எனக்குத்தான் கோபம் வந்தது. அவரோ கணவருக்கு இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களே! போன மாதம் கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கப் போன இடத்தில், பளபளத்த கல்லொன்றைக் குனிந்து எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டீர்களே, அதை வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?